ஆன்லைனில் வாங்கும்போது ஏடிஎம் கார்டைக் காப்பது எப்படி? நம் கடற்கரை மக்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பது, வலையைச் சரிசெய்வது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். லைஃப் ஜாக்கெட், ஜிபிஎஸ் கருவி, தலையில் மாட்டும் டார்ச் என்று செல்போனில் விலை பார்க்கவும் அப்போதுதான் நேரம் கிடைக்கும். கூடவே பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். பிள்ளைகளுக்குப் பை வேண்டும், ஷூ வேண்டும். பஸ் ஏறி ராமநாதபுரம் போய் வாங்கியதையெல்லாம் இப்போது பாம்பனிலும் தொண்டியிலும் மூக்கையூரிலும் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆர்டர் போட முடிகிறது. நல்ல வசதி, விடவேண்டியதில்லை. ஆனால் முதன்முதலாகக் கார்டு நம்பரைத் தட்டும்போது கை கொஞ்சம் தயங்கும். அப்படித் தயங்கி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்துகொண்டு போனால் ஒரு நாளில் முடிகிற வேலைதான்.

முதலில் கணக்கைப் பிரியுங்கள்

நம் பக்கம் வருமானம் மாதச் சம்பளம் போல அளந்து வருவதில்லை. மொத்தமாக வரும், அப்புறம் பல நாள் வராது. சம்மாட்டி (படகு முதலாளி) கணக்கு முடித்துக் கொடுத்த பணம், கருவாடு விற்ற காசு, வளைகுடாவிலிருந்து அனுப்பியது, தடைக்கால நிவாரணம், மகளிர் குழுவில் எடுத்த கடன் எல்லாம் ஒரே சேமிப்புக் கணக்கில் போய் விழும். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டுதான் பர்ஸில் இருக்கும். 499 ரூபாய் டார்ச்சுக்காக அந்தக் கார்டு நம்பரை ஒரு தளத்தில் போட்டால், வீட்டுப் பணம் முழுவதையும் வாசலில் கொண்டுவந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

கார்டைப் பற்றி யார் என்ன அறிவுரை சொன்னாலும் என் கணக்கில் இதுதான் எல்லாவற்றுக்கும் முந்தியது: ஆன்லைனில் போடும் கார்டுக்குப் பின்னால் குறைந்த பணமே நிற்க வேண்டும். பணம் கட்டும்போது போனுக்கு மெசேஜில் வரும் ஓடிபி எண், பாஸ்வேர்டு, இணையதள முகவரியின் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படம் எல்லாம் என்றாவது ஒரு நாள் ஏமாற்றப்படலாம். கணக்கில் இல்லாத பணத்தை யாராலும் எடுக்க முடியாது.

ஆகவே ஆன்லைன் வாங்கலுக்கென்று இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு போதும். ரூபே கார்டு கொடுப்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு வங்கியில் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவருக்கு அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு தரமாட்டார்கள். ஜன்தன் கணக்கும் அடிப்படைச் சேமிப்புக் கணக்குதான்; உங்களுடையது அது என்றால் வேறு வங்கிக்குப் போங்கள். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருள் வாங்க வேண்டிய அன்று, அந்தத் தொகையை மட்டும் பெரிய கணக்கிலிருந்து சின்னக் கணக்குக்கு மாற்றுங்கள். 1,850 ரூபாய்க்கு லைஃப் ஜாக்கெட் என்றால் 1,900. வாங்கி முடித்தபின் கணக்கில் 50 ரூபாய்தான் கிடக்கும். பெரிய கணக்கின் கார்டு ஏடிஎம்மில் காசு எடுக்க மட்டும். அதன் நம்பர் எந்தத் தளத்திலும் ஏறக் கூடாது.

கார்டில் எது எதற்கு

கார்டின் மேல் இருக்கும் 16 இலக்கம் கார்டு நம்பர். அதன் கீழே மாதமும் வருடமும், அது காலாவதி தேதி. பின்பக்கம் மூன்று இலக்கம் இருக்கும், அதுதான் சிவிவி. ஏடிஎம்மில் அடிக்கும் நான்கு இலக்கம் பின் நம்பர், அது கார்டில் எங்கும் அச்சாகியிருக்காது, நீங்களும் எழுதிவைக்கக் கூடாது. கார்டு உறையின் உள்ளே பேனாவால் பின் நம்பரை எழுதி வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்றே அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஏடிஎம்முக்குப் போய் பின்னை மாற்றுங்கள்.

சிவிவியை மனப்பாடம் செய்துகொண்டு, கார்டில் அதன் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது நல்ல பழக்கம். மூன்றே இலக்கம்தான், மறக்காது.

அடுத்து போனைத் திறந்து கேலரியைப் பாருங்கள். கார்டின் முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து எப்போதோ தம்பிக்கோ மச்சானுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள். அதை கேலரியிலும், வாட்ஸ்அப் உரையாடலிலும், அழித்த படங்கள் தங்கும் குப்பைத்தொட்டியிலும் போய் நீக்குங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவரிடமும் நீக்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடையில் கார்டைப் பிரதி எடுப்பதும் இதே ஆபத்துதான். கார்டின் நகல் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்று யாராவது சொன்னால், பாஸ்புக்கின் முதல் பக்கத்தைக் கொடுங்கள்.

இன்னொன்று. “சிவிவி வேண்டாம் அண்ணே, கடைசி ஆறு நம்பரும் தேதியும் மட்டும் சொல்லுங்க” என்று போனில் ஒருவர் கேட்டால், சிவிவி கேட்கவில்லையே என்று நம்பிவிடாதீர்கள். டெபிட் கார்டின் (ஏடிஎம் கார்டுதான்) கடைசி ஆறு இலக்கமும் காலாவதி தேதியும், செல்போன் ஆப்பில் பணம் அனுப்ப அடிக்கும் யுபிஐ பின் வைப்பதற்குக் கேட்கப்படும் விவரங்கள். அவற்றோடு ஒரு ஓடிபியும் கிடைத்துவிட்டால், உங்கள் கணக்குக்கு அவர் புது யுபிஐ பின் வைக்கப் பார்ப்பார்.

சுவிட்ச் உங்கள் கையில்

2020 அக்டோபரிலிருந்து, புதிதாக வரும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளில் தேய்க்கும் மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு, தொடாமல் காட்டிச் செலுத்துவது ஆகிய மூன்றையும் கார்டுக்காரர்தான் திறந்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கி கொண்டுவந்த இந்த ஏற்பாடு சாதாரண மக்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வங்கியின் ஆப்பைத் திறந்து, கார்டு என்ற பகுதிக்குப் போங்கள். ஏடிஎம், கடை, ஆன்லைன், வெளிநாடு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே சுவிட்ச் இருக்கும். ஒரு நாளில் எவ்வளவு வரை போகலாம் என்ற வரம்பும் அங்கேயே இருக்கும். ஆப் இல்லாதவர்கள் கிளைக்குப் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள்.

வெளிநாட்டுப் பயன்பாடு எப்போதும் மூடியே இருக்கட்டும். நம் நாட்டுத் தளங்களில் கார்டு போட்டால் ஓடிபி போன்ற இரண்டாவது சோதனை கட்டாயம். 2009லிருந்தே இது நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அப்படி இல்லை. நம்பர், தேதி, சிவிவி மூன்றும் இருந்தால் ஓடிபி கேட்காமலேயே பணம் போய்விடும். யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லை, ஆனாலும் பணம் போய்விட்டது என்கிறவர்களில் சிலர் இழப்பது இந்த வழியாகத்தான்.

ஆன்லைன் சுவிட்சை வாங்கும்போது மட்டும் திறந்து, ஆர்டர் முடிந்ததும் மூடுங்கள். வரம்பை 2,000, 3,000 என்று வையுங்கள். பெரிய பொருள் வாங்கும் அன்று ஏற்றிக்கொண்டு, பிறகு இறக்கிவிடலாம்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த சுவிட்ச் இன்னும் முக்கியம். கரையிலிருந்து கொஞ்ச தூரம் தாண்டியதும் சிக்னல் போய்விடும். விடிந்து கரை திரும்பும்வரை, கணக்கில் என்ன நடந்தாலும் வங்கியின் மெசேஜ் உங்களுக்கு வந்து சேராது. தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அப்போதும் மெசேஜ் நேரத்துக்கு வரும் என்று நம்ப முடியாது. படகு ஏறுவதற்கு முன் ஆன்லைன் சுவிட்சை மூடுங்கள். வங்கி எச்சரிக்கை இமெயிலுக்கும் வரும்படி செய்துகொண்டு, அந்த இமெயிலை வீட்டில் இருக்கும் போனிலும் திறந்து வைத்தால், கரையில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்ல முடியும்.

வாங்கும் நேரம்

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் விளம்பரத்தைத் தட்டி உள்ளே போகாதீர்கள். பொருள் பிடித்திருந்தால் பெயரைக் குறித்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த கடையின் ஆப்பை நீங்களே திறந்து தேடுங்கள். கடலின் ஆழத்தைக் காட்டும் 18,000 ரூபாய் எக்கோ சவுண்டரை 1,999க்குத் தருகிறேன் என்று ஒரு தளம் சொன்னால், அவன் விற்க வந்தவன் இல்லை, உங்கள் கார்டு நம்பரை வாங்க வந்தவன்.

ஆப் இல்லாமல் இணையதளத்தில் வாங்குவதென்றால் முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். மேலே இருக்கும் முகவரியில் ஹெச்டிடிபிஎஸ் என்பதற்குப் பின் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு இடப்பக்கமாகப் படியுங்கள். அதை ஒட்டியிருக்கும் பெயர்தான் தளத்தின் உண்மையான சொந்தக்காரர். ‘கடைப்பெயர் டாட் இன்’ என்று முடிந்தால் அந்தக் கடை. ‘கடைப்பெயர் டாட் இன் டாட் வேறுபெயர் டாட் ஷாப்’ என்று முடிந்தால், முன்னால் எவ்வளவு பெரிய கடையின் பெயர் இருந்தாலும் அது ‘வேறுபெயர்’ நடத்தும் தளம். செல்போன் திரையில் முகவரியின் பின்பகுதி மறைந்திருக்கும். விரலால் அழுத்தி முழுவதையும் இழுத்துப் பாருங்கள். வங்கியின் தளம்தானா என்று பார்ப்பதில் இந்தச் சிரமம் குறைந்திருக்கிறது: ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 அக்டோபர் முடிவுக்குள் வங்கிகள் தங்கள் தளங்களை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். அந்தப் பக்கம் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. முகவரி ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்காத தளத்தில் கார்டு போடவே கூடாது. பூட்டு இருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது.

சரி, தளம் சரியானதுதான். முன்பின் வாங்கிப் பழகாத கடை என்றால், முதல் ஆர்டரை பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில் போட்டுப் பாருங்கள். கார்டு போடுவதென்றால் உங்கள் சொந்தப் போனில், உங்கள் சொந்த டேட்டாவில் போடுங்கள். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் வேண்டாம். ஸ்டேஷன், லாட்ஜ் வைஃபையும் வேண்டாம். தெரிந்த பையனிடம் போனைக் கொடுத்து “நீயே போட்டுக் கொடு தம்பி” என்று கார்டையும் நீட்டுவது நம் ஊரில் சகஜம். பையன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் போனில் உங்கள் கார்டு பதிந்துபோகும், அந்தப் போன் நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று தெரியாது. பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள், உங்கள் விரல் தட்டட்டும்.

பணம் கட்டும் பக்கத்தில் ‘கார்டைச் சேமிக்கவா’ என்று ஒரு கட்டம் வரும். 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் உங்கள் முழுக் கார்டு நம்பரைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சம்மதித்து ஓடிபி கொடுத்தால், கார்டு நம்பருக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண் உருவாகி அந்தக் கடையில் இருக்கும். நாளைக்கே அந்தக் கடையின் தகவல்கள் திருடுபோனாலும், அந்த எண்ணை வேறு கடையில் பயன்படுத்த முடியாது. அதனால் அடிக்கடி வாங்கும் ஒரு பெரிய கடையில் சேமிப்பது தவறில்லை. ஒவ்வொரு தடவையும் 16 இலக்கத்தைத் தட்டுவதைவிட அது மேல். ஆனால் உங்கள் போனை மாலை முழுக்க பிள்ளைகள் வைத்து விளையாடுகிறார்களென்றால் சேமிக்காதீர்கள். கார்டும் அதில், ஓடிபி வருவதும் அதில் என்றால் அந்தக் கடையில் அவர்கள் எதையாவது வாங்கிவிட வேறெதுவும் தேவைப்படாது. பிரவுசர் கேட்கும் ‘சேமிக்கவா’ என்பது இதிலிருந்து வேறுபட்டது, அதற்கு எப்போதும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

கடையின் பக்கத்தில் ஏடிஎம் பின் நம்பரைக் கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

ஓடிபி மெசேஜை முழுக்கப் படியுங்கள்

ஓடிபி வந்ததும் நாம் ஆறு இலக்கத்தை மட்டும்தான் பார்க்கிறோம். போனே அதை எடுத்துக் கட்டத்தில் நிரப்பிவிடுகிறது, தட்டுவதோடு முடிந்தது. அந்த மெசேஜில் வேறு இரண்டு விஷயங்கள் இருக்கும்: எவ்வளவு ரூபாய், எந்தக் கடைக்கு. உங்களைக் காப்பாற்றப் போவது அந்த இரண்டும்தான்.

எப்படி என்று பாருங்கள். நம் கரையூர்களில் பல வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. ‘மாதா கோயில் பின்புறம்’, ‘ஏலக்கூடம் எதிரில்’ என்றுதான் முகவரி எழுதுகிறோம். டெலிவரி பையன் மெயின் ரோட்டிலிருந்து போன் செய்து வழி கேட்பது வழக்கம். அப்படி ஒரு ஆர்டர் வரவேண்டியிருக்கும் நேரத்தில், ‘உங்கள் பார்சலின் முகவரி முழுமையாக இல்லை, 24 மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்’ என்று மெசேஜ் வருகிறது. நமக்கு உடனே நம்பத் தோன்றும், முகவரி அப்படித்தானே இருக்கிறது! லிங்கைத் தட்டினால் அஞ்சல் துறையின் பக்கம் போலவே ஒன்று திறக்கும். பெயர், தெரு, பின்கோடு எல்லாம் கேட்டுவிட்டு, மறுடெலிவரிக் கட்டணம் 25 ரூபாய், கார்டில் செலுத்துங்கள் என்னும். 25 ரூபாய்தானே என்று நம்பர், தேதி, சிவிவி மூன்றையும் போட்டுவிடுவோம். அந்தப் பக்கத்தில் தட்டியது அத்தனையும் அந்த நிமிடமே எதிரே உட்கார்ந்திருப்பவன் கண்ணில் விழுகிறது. அவன் உங்கள் கார்டை வேறொரு தளத்தில் போட்டு, 24,900 ரூபாய்க்குப் பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு காத்திருக்கிறான். உங்கள் போனுக்கு ஓடிபி வருகிறது. அந்த மெசேஜில் 24,900 என்றுதான் இருக்கும், அவன் தேர்ந்தெடுத்த கடையின் பெயர்தான் இருக்கும். வங்கி உண்மையைத்தான் சொல்கிறது. நாம் அதைத் தாண்டி ஆறு இலக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

தொகையைப் படியுங்கள், பெயரைப் படியுங்கள், அப்புறம் ஓடிபியைப் போடுங்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களும் எண்ணைப் படிக்கலாம். நீங்கள் கட்ட நினைத்த தொகையும் மெசேஜில் இருக்கும் தொகையும் ஒன்றாக இல்லையென்றால், ஓடிபியை யாருக்கும் கொடுக்காமல், எங்கும் தட்டாமல், கார்டின் ஆன்லைன் சுவிட்சை மூடுங்கள். நம்பரும் தேதியும் சிவிவியும் வெளியே போய்விட்டன என்று அர்த்தம்; வங்கியைக் கூப்பிட்டு அந்தக் கார்டை நிறுத்திப் புதுக் கார்டு கேட்டுவிடுங்கள்.

பார்சல் நிலவரம் தெரிய வேண்டுமென்றால் ஆர்டர் போட்ட ஆப்பிலேயே பாருங்கள். சாதாரண பத்து இலக்கச் செல்போன் நம்பரிலிருந்து வங்கி, கூரியர், மின்வாரியம் பெயரில் வரும் லிங்க் எதையும் தட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் ஃபைல் வந்தால், அது தெரிந்தவர் நம்பரிலிருந்தே வந்தாலும் திறக்காதீர்கள். அதை இன்ஸ்டால் செய்துவிட்டால் உங்கள் ஓடிபி மெசேஜ்களைப் படிக்கும் வழி வெளியே உள்ளவனுக்குக் கிடைத்துவிடும். திரையைப் பகிரும் எனிடெஸ்க் போன்ற ஆப்பை ஏற்றச் சொல்பவர்களும் இதே காரியத்துக்காகத்தான் சொல்கிறார்கள்.

ஓடிபி துபாய்க்குப் போகும் வீடுகள்

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் இது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. கணக்கு வளைகுடாவில் இருக்கும் கணவர் பெயரில், கார்டு இங்கே மனைவி கையில், ஓடிபி போவது அவருடைய போனுக்கு. இங்கே ஆர்டர் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் “ஓடிபி அனுப்புங்க” என்று கேட்க வேண்டும். துபாயில் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் வேலையில் இருப்பார், அவசரமாக ஆறு இலக்கத்தை மட்டும் அடித்து அனுப்புவார். தொகை என்ன, கடை எது என்று அவர் பார்ப்பதில்லை, இங்கே மனைவிக்கு அந்த மெசேஜ் வருவதே இல்லை. ஓடிபியைக் கேட்டு வாங்குவதும் கொடுப்பதும் வீட்டில் பழகிப்போனதால், நாளைக்கு மனைவியின் வாட்ஸ்அப்பைப் பிடித்துக்கொண்ட ஒருவன் “ஓடிபி அனுப்புங்க” என்று கேட்டாலும் அவர் யோசிக்காமல் அனுப்பிவிடுவார்.

இதற்குத் தீர்வு மனைவி பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு, அவர் கையில் இருக்கும் நம்பர் அதில் இணைந்திருப்பது, செலவுக்கு வேண்டியதை மாதாமாதம் அதில் போட்டுவிடுவது. ஓடிபி யார் வாங்குகிறாரோ அவர் போனுக்கே வரும். முழு மெசேஜையும் அவரே படிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் அதையும் கவனியுங்கள். பல மாதம் செயல்படாத நம்பர் வேறொருவருக்குப் போய்விடும், அதனோடு உங்கள் வங்கி மெசேஜும் அவருக்குப் போகும்.

பணம் வாங்குவதற்குக் கார்டு வேண்டாம்

உங்களுக்கு யாராவது பணம் அனுப்ப வேண்டுமென்றால் கணக்கு எண்ணும், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி கோடும் போதும், இல்லாவிட்டால் யுபிஐ ஐடி. கார்டு நம்பரோ, தேதியோ, சிவிவியோ, ஓடிபியோ பணம் உள்ளே வருவதற்குத் தேவையே இல்லை. அவை வெளியே போவதற்கு மட்டுமே.

வாட்ஸ்அப்பில் நெத்திலிக் கருவாடு, கருப்பட்டி, முண்டு வத்தல் விற்கும் பெண்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். “அக்கா, இருபது கிலோ வேணும், விலையே பேச வேண்டாம், அட்வான்ஸ் போட்டுவிடுறேன், கார்டு நம்பர் சொல்லுங்க” என்று ஒருவர் ஆரம்பித்தால், அங்கேயே நிறுத்துங்கள். கியூஆர் கோடு அனுப்பி “இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்” என்றாலும் அப்படியே. பின் போட்டால் பணம் போகும், வராது.

தடைக்கால நிவாரணம் அரசிடமிருந்து நேராக வங்கிக் கணக்கில் வருகிறது. அது நின்றுபோய்விட்டது, கார்டு விவரம் கொடுத்தால் விடுவிக்கிறோம் என்று வரும் போனும் பொய்தான். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் வரவேண்டிய பணமும், நீங்கள் எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியில் தானாகவே வரும். அதற்காக கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். போலி நம்பர்கள் அங்கே நிறையக் கிடக்கின்றன. கடையின் ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பக்கத்துக்குப் போங்கள்.

பணம் போய்விட்டால்

முதலில் கார்டை நிறுத்துங்கள். ஆப்பில் முடியும், இல்லாவிட்டால் கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பரைக் கூப்பிடலாம். கார்டே தொலைந்துபோனால் நம்பரும் அதனோடு போய்விடும் என்பதால், அதை இப்போதே போனிலும் வீட்டு நோட்டிலும் எழுதிவையுங்கள்.

அடுத்து 1930. நாடு முழுக்க ஒரே எண். பண மோசடிகளுக்காகவே இருக்கிறது. எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்கிலிருந்து போனது, வங்கி மெசேஜில் இருக்கும் பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். மெசேஜை அழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனதோ அங்கேயே அதை முடக்கிவைக்கச் சொல்ல இவர்களுக்கு வழி இருக்கிறது. திருடன் அதை எடுத்துவிடுவதற்குள் சொல்ல வேண்டும் என்பதால், விடியட்டும், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்வோம் என்று காத்திருக்காதீர்கள். சைபர் குற்றங்களுக்கான மத்திய அரசின் இணையதளத்திலும் புகார் பதியலாம். ராமநாதபுரத்தில் மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேராகவும் போகலாம்.

பிறகு வங்கிக் கிளை. வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று தேதியோடு முத்திரை வாங்குங்கள். தேதி ஏன் முக்கியம் என்றால், 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு நாள் கணக்கில்தான் ஓடுகிறது. உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், வங்கியின் மெசேஜ் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்கள் ஆனால், அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 5,000 ரூபாய், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில் விழலாம். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது.

நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போன பணத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. புகார் கொடுத்தபின் போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கி பொறுப்பு. ஆகவே வீட்டில் திட்டுவார்களே என்று ஒளித்துவைத்தால் நஷ்டம் பெரிதாகிக்கொண்டே போகும். ஏமாந்தவர் வீட்டில் இருந்தால் அவரைத் திட்டாமல் உடனே வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நன்றாகப் படித்தவர்களும் பெரிய வேலையில் இருப்பவர்களும் இதே வலையில் விழுகிறார்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முத்திரை வாங்கிய கடிதம் இங்கேதான் கைகொடுக்கும்.

புகார் கொடுத்தபின் சில நாளில், “உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், அதை அனுப்ப 2,000 ரூபாய் கட்டணம் கட்டுங்கள்” என்று போன் வரலாம். காவல்துறையோ வங்கியோ பணத்தைத் திருப்பித் தருவதற்குக் கட்டணம் கேட்பதில்லை. அந்த நம்பரையும் உங்கள் புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.

புதுக் கார்டு தபாலில் வந்ததும், பழையதைச் சிப் இரண்டாகும்படி கத்தரியால் வெட்டிப் போடுங்கள். ரீசார்ஜுக்கோ வேறெதற்கோ பழைய கார்டில் மாதாமாதம் தானாகப் போகும் ஏற்பாடு வைத்திருந்தால் அது நின்றுவிட்டதா என்று பாருங்கள். புதுக் கார்டில் ஆன்லைன் சுவிட்ச் மூடியே வரும். அடுத்த பொருள் வாங்கும் நாள் வரை அதை அப்படியே விட்டுவையுங்கள்.